வியாழக்கிழமைப் பட்டியலில் ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தொழிற்சாலைக் காக்கிச் சட்டை, ஒரு பித்தான் மாறிப் போட்டிருந்தது.

"மயக்க டாக்டரம்மா நீங்கதானே? நான் ஸ்டெல்லா சிஸ்டரோட தம்பிங்க. அக்கா காலைல எறந்துட்டாங்க."

எந்த ஸ்டெல்லா என்று கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஸ்டெல்லாதான் உண்டு. முதல் நாள் மாலை என் பக்கத்தில் நின்று கத்திரிகளை எண்ணி வைத்துவிட்டுப் போனவர். வயது முப்பத்தாறு.

பிரேசர் டவுன் வீட்டில், குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்திருக்கிறார். படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "மூச்சு வாங்குச்சு, வாயில ரோஸ் கலர்ல நுரை வந்துச்சும்மா" என்றார் தம்பி. அது என்ன நோய் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எட்டு வருஷம் பக்கத்தில் நின்றவருக்கு அந்த நோய் இருந்தது எனக்குத் தெரியாது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வியாழக்கிழமை எங்களுக்கு இருதய ஆபரேஷன் நாள். வாரத்துக்கு ஒருவர்தான். சிறு வயதில் மூட்டு வலியும் காய்ச்சலும் கண்டு, இருதய வால்வு ஒட்டிப்போய், பத்துப் படி ஏறினால் மூச்சுத் திணறும் நோயாளிகள் வருவார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். சர்ஜன் துடிக்கிற இருதயத்துக்குள் விரலை விட்டு ஒட்டிய வால்வைப் பிரித்துவிடுவார். உள்ளே எதையும் கண்ணால் பார்க்க முடியாது. விரல் வெளியே வந்த கணத்தில் அந்த ஓட்டையை இறுக்கப் பட்டு நூல் வேண்டும். அவர் வாய் திறந்து கேட்பதற்குள் நூல் கையில் இருக்கும். அந்த நூலைக் கொடுத்தவர் ஸ்டெல்லா.

ஒருமுறை இருதயத்தின் ஓரம் கிழிந்து ரத்தம் மேலே பீறிட்டது. நான் கத்திவிட்டேன். ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பாட்டுக்கு மூச்சைப் பாத்துக்கங்க டாக்டரம்மா. இங்க நாங்க இருக்கோம்" என்றார். அந்த நோயாளி பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனாள். ஒரு நர்ஸ் என்னை அடக்கிவிட்டாரே என்று இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே காப்பி வரவழைத்து என் முன்னால் வைத்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

ஆபரேஷன் தியேட்டர் மாடியில் இருக்கிறது. ஸ்டெல்லா எல்லோருக்கும் அரைமணி முன்னதாக வந்து, மாடிப்படி வளைவின் ஜன்னலருகே தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தபடி நிற்பார். "மரம் என்ன சொல்லுது சிஸ்டர்?" என்று கேலி செய்வேன். "அவசரப்படாதேன்னு சொல்லுது" என்பார். அவர் கன்னத்தில் ஒரு கருஞ்சிவப்பு உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்தவருக்கு பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொண்டுவிட்டது என்று அதையும் கேலி செய்தேன். அப்புறம் முகமூடி கட்டிக்கொண்டுவிடுவார். நாள் முழுக்க நாங்கள் பார்த்தது அவருடைய கண்களை மட்டும்தான்.

போன வருஷம் இரண்டு தடவை என்னிடம் வந்து, "எம் பக்கத்துல இன்னொரு பொண்ணை நிறுத்திப் பழக்குங்க டாக்டரம்மா" என்றார். "எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே" என்றேன். பாராட்டியதாக நினைத்துக்கொண்டேன். புதிதாக ஒருத்தியை நிறுத்தினால் நாலு மாதம் தடுமாறுவாள், எனக்கு எரிச்சல் வரும் என்பதும் காரணம்.

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் ஸ்டெல்லாவின் நோட்டில்தான் இருக்கும். அதில் ஆரோக்கியமேரி என்று ஒரு பெயர். தங்கவயலிலிருந்து ஒரு டாக்டர் கடிதம் எழுதியிருந்தார். சர்ஜன் படித்துவிட்டு, "இது தள்ளக்கூடாத கேஸ்" என்று சேர்க்கச் சொன்னார். மூன்று முறை அந்த அம்மாளின் முறை வந்தது. மூன்று முறையும் ஸ்டெல்லா, "அவங்க வரலை. அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டேன்" என்றார். மூன்றாம் முறை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உயிர் மேல ஆசையே இல்லையா அந்தம்மாவுக்கு? எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க. பேரை அடிச்சுடுங்க."

ஸ்டெல்லா நூல்களை நனைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். "ஆசை இல்லாம எப்படி டாக்டரம்மா? நிறையவே இருக்கும்" என்றார். பெயரை அடிக்கவில்லை.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். குழியருகே மரச் சிலுவை சாத்தியிருந்தது. புதுப் பெயிண்டில் "ஆரோக்கியமேரி" என்று எழுதியிருந்தது. வேறு யாருடையதையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா பேருதாம்மா. வீட்டுல, சர்ச்சுல எல்லாம் ஆரோக்கியமேரிதான். நர்ஸ் படிக்கப் போன எடத்துல மூணு மேரி இருந்தாங்களாம், அதான் ஸ்டெல்லான்னு வச்சுட்டாங்க. ஆபரேஷன் பண்ணிக்கன்னு நானும் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'நான் படுத்துட்டா நூலை யாரு எடுத்துக் குடுப்பா? ஒருத்தி பழகட்டும், அப்புறம் படுக்கறேன்'னுடுவாங்க."

பக்கத்தில் நின்ற சர்ஜன் அடுத்த கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியும் அவர் எழுந்திருக்கவில்லை. அரைமணி முன்னதாக வந்து படி வளைவில் நின்றதும், கன்னத்துக் கருஞ்சிவப்பும் அந்த வால்வு நோயால்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி பழகியிருக்கலாம். பழகவிடாதவள் நான்.

அவர் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நாலு பேரை நிறுத்தியிருப்பேனே. சொல்ல விடுகிற மாதிரி நான் இருந்தேனா என்பது வேறு விஷயம். உங்களில் பலருக்கு அதற்குப் பதில் தெரியும்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் நோட்டைப் பிரித்தேன். மறுநாளைக்கு உரிய பெயர் ஆரோக்கியமேரி. அதற்குக் கீழே, அல்சூரிலிருந்து ஓர் ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தப் பெயரிலிருந்து ஒரு அம்புக்குறி மேலே போயிருந்தது. நாலாவது தடவையும் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

வியாழக்கிழமை அந்த அல்சூர்ப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்தோம். சர்ஜன் நூல் என்று வாய்விட்டுக் கேட்டதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். நூல் தாமதமாக வந்தது. ஆனாலும் அவள் பிழைத்துக்கொண்டாள், வயிற்றிலிருப்பதும் நன்றாக இருக்கிறது. நூல் யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியிருக்காது.

இப்போது இரண்டு பெண்கள் அந்த இடத்தில் நின்று பழகுகிறார்கள். தடுமாறுகிறார்கள், நான் கத்துவதில்லை. முகமூடி கட்டுவதற்கு முன்னால் தியேட்டரில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்க்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஸ்டெல்லாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பட்டியல் எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் ஆனவர்களின் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறேன். ஆரோக்கியமேரி என்ற பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை அடிக்கச் சொன்னவள் நான்தான். என்னால் முடியவில்லை.