மேடையில் சொல்லாமல் விட்ட குளம்

கெர்ரின் மேடிகனுக்கு அந்த வேலை கிடைத்தபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவனோடு சேர்ந்து நடத்திய பம்புசெட் கடையை மூடிவிட்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். கார்வெல் பே பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் தங்கள் கண்டுபிடிப்பை வைத்துச் சொந்தமாகக் கம்பெனி தொடங்க உதவும் பிரிவு ஒன்று இருந்தது. வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட ஆள் ஒருத்தர் அங்கே தேவைப்பட்டார்.

வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, இதை வாங்கப் போகிறவனிடம் பேசிப் பார்த்தாயா என்பதுதான். பெரும்பாலும் பேசியிருக்க மாட்டார்கள். தன் பழைய வண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு கரும்புத் தோட்டங்களுக்கும் இறால் பண்ணைகளுக்கும் ஒர்க்ஷாப்புகளுக்கும் போவாள். பாதிப் பேர் திரும்பி வரும் வழியிலேயே கம்பெனி ஆசையை விட்டுவிடுவார்கள். வீணாகப் போக இருந்த சில வருஷங்கள் மிச்சமானதே என்று அதையும் அவள் நல்ல வேலையாகவே நினைத்தாள்.

பிறகு பிரிஸ்பேனிலிருந்து டக் ஹேவர்லி இயக்குநராக வந்து சேர்ந்தான். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். வெள்ளை ஷூ, எந்நேரமும் ஒரு சிரிப்பு. மேசைகளைத் தூக்கிவிட்டுப் பஞ்சு மூட்டை இருக்கைகளைப் போட்டான். ஒரு பொருளும் செய்யாத பிள்ளைகளுக்கு 'நிறுவனர்' என்று அச்சடித்த பனியன் கொடுத்தான். விவசாயிகளைப் பார்க்கப் போவது நேர விரயம், பணம் போடுகிறவர்கள் கதையைத்தான் வாங்குகிறார்கள் என்றான். விருந்தில் கெட்டுப்போன எதையோ வாயில் போட்டுவிட்டு, நாலு பேர் நடுவில் துப்பவும் முடியாமல் இருப்பது போல அவளுக்கு இருந்தது. அப்படியேதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் செலா ஃபொனோஹெமா வந்தாள். டோங்கா தீவு நாட்டிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவள். கரும்புச் சக்கைச் சாம்பலிலிருந்து ஒரு பொடி செய்திருந்தாள். இறால் குளத்தில் தூவினால் தண்ணீரின் கசடை இழுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில், இறால் விடாத தொட்டியில் அருமையாக வேலை செய்தது. கெர்ரின் அவளை லெஸ் கசாக்கின் இறால் பண்ணைக்கு அழைத்துப் போனாள். அவள் கடையில் பம்பு வாங்கிய நாளிலிருந்து பழக்கமான லெஸ், ஒரு குளத்தை ஒதுக்கிக் கொடுத்தார்.

பொடி தூவிய ஒரு வாரத்தில் அந்தக் குளம் முழுக்க இறால் செத்து மிதந்தது. வெயிலில் ஊதி வெளுத்துக் கிடந்ததை லெஸ்ஸோடு சேர்ந்து இரண்டு பெண்களும் வாரிக் குழியில் கொட்டினார்கள். செலா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

"உன்மேல கோவம் இல்ல பொண்ணு, சோதனைன்னு தெரிஞ்சுதான் குளத்தக் குடுத்தேன்" என்றார் லெஸ். "ஏன் செத்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டு வா. அதுவரைக்கும் பொடியோட இந்தப் பக்கம் வராத."

கண்டுபிடிக்க அவகாசம் கேட்கத்தான் செலா டக்கிடம் போனாள். கெர்ரினும் கூடப் போனாள். அவன் அவகாசம் தரவில்லை. பணம் போடுகிறவர்கள் வரும் நிகழ்ச்சி நெருங்கிவிட்டது, தொட்டியில் நடந்ததை மட்டும் சொன்னால் போதும், குளத்தில் செத்தது வெயிலால் என்று வைத்துக்கொள்ளலாம் என்றான். அதோடு நிற்கவுமில்லை.

"உங்கப்பா மீன் பிடிக்கப் போயி கடலோட போயிட்டாருன்னு ஆரம்பி. டோங்கா, கடல், அப்பா. கேக்கறவங்க கண்ணு கலங்கிடும்."

"எங்கப்பா பஸ் ஓட்டினாரு. கிட்னி கெட்டு ஆக்லாந்து ஆஸ்பத்திரியில செத்தாரு" என்றாள் செலா, தரையைப் பார்த்துக்கொண்டே.

"செத்தது நிஜந்தானே. எங்க செத்தாருன்னு யாரு போய் விசாரிக்கப் போறா?"

கெர்ரின் குறுக்கே வந்தாள்.

"ஆஸ்பத்திரியில செத்த மனுஷன இழுத்துட்டுப் போயி கடல்ல முக்கணுமா டக்?"

அவன் சிரித்தான். "இந்தக் காலத்து வியாபாரம் உங்களுக்குப் புரியல கெர்ரின்."

செலாவை வீட்டில் இறக்கிவிடப் போன வழியில், இதைச் செய்யாதே என்று கெர்ரின் சொன்னாள். படிப்போடு விசா முடிகிறது, அம்மாவும் தம்பிகளும் தன்னைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில், "உங்களுக்கு வேலதான் போகும், ஊரு போகாது. எனக்கு அப்படியா?" என்று கேட்டாள். கெர்ரின் வண்டியை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

நிகழ்ச்சியன்று அரங்கத்தில் ஒயினும் வாட்டிய இறாலும் தட்டுத்தட்டாகச் சுற்றி வந்தன. செலா மேடையேறி, கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றிச் சொன்னாள். தொட்டியைப் பற்றிச் சொன்னாள். குளத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்த கெர்ரின் அவற்றைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். டக்கைவிடத் தன்மேல்தான் அப்போது அதிக அருவருப்பு வந்தது.

பிறகு மெல்போர்னிலிருந்து வந்திருந்த நரைத்தலை முதலீட்டுக்காரி ஒருத்தி தட்டோடு அவளிடம் வந்தாள்.

"பண்ணையில எங்கயாவது போட்டுப் பாத்தீங்களா? என்ன ஆச்சு?"

செலாவையே கேளுங்கள் என்று நழுவியிருக்கலாம். தூரத்தில் டக் செலாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"போட்டோம். குளம் முழுக்க இறால் செத்துப்போச்சு. வாரிக் கொட்டினதுல நானும் ஒருத்தி."

அப்பாவைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அதைத் திருத்த வேண்டியவள் செலாதான்.

பணம் வரவில்லை. அடுத்த வாரமே கெர்ரினை அரங்குகளுக்கு முன்பதிவு செய்யும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். எதிரே வந்தால் செலா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். செய்தது சரியா என்று கெர்ரின் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். சரிதான் என்று தோன்றிய நாளிலும் மனசு லேசாகவில்லை.

செலா என்ன ஆனாள் என்பது லெஸ் மூலமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. சாம்பல் வந்த சர்க்கரை ஆலையின் கொதிகலனில் சக்கையோடு, பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரத்தையும் போட்டு எரித்திருக்கிறார்கள். அந்த மருந்திலிருந்த செம்பு சாம்பலில் இறங்கி, குளத்தில் கரைந்து இறாலைக் கொன்றிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டு செலா தானாகவே லெஸ்ஸிடம் போயிருந்தாள். லெஸ் அவளுக்குப் பண்ணையில் விசாவுக்கு வழிசெய்யும் வேலையும், இன்னொரு சின்னக் குளமும் கொடுத்தார். சுத்தமான சாம்பலில் செய்த பொடி இந்தத் தடவை காலை வாரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்களும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

அந்த வெற்றியைப் பிரிவின் கணக்கில் காட்டி டக்கும் பதவி உயர்வு வாங்கினான். பிரிவின் வாசல் சுவரில் செலாவின் ஆளுயரப் படம் ஏறியது. மேடையில் நின்ற அதே படம். 'கடல் பறித்த தந்தை, கடலைக் காக்கும் மகள்' என்று கீழே எழுதியிருந்தது. முன்பதிவு மேசைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் கெர்ரின் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஒருநாள் செலாவே அந்த மேசை முன்னால் வந்து நின்றாள். படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்டதற்கு, நீ அனுமதி கொடுத்ததுதானே, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டக் சொல்லிவிட்டானாம்.

"அம்மா போன மாசம் வந்தாங்க. படத்துக்கடியில எழுதினத வாசிச்சுட்டு அப்படியே வெளிய போயிட்டாங்க" என்றாள். சொல்லும்போது அவள் உதடு கோணியது.

கெர்ரின் எழுந்து கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஆளுக்கொன்று சூடாக வாங்கி எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உங்க மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றாள் கெர்ரின். "ஆறிடப்போகுது, சாப்பிடு."