நாலு கோடும் ஒரு மஞ்சள் விளக்கும்

காருக்கு அலாய் வீல் மாற்றியிருக்கிறேன்.

பழைய வீலில் என்ன குறை என்று கேட்காதீர்கள். ஒரு குறையும் இல்லை. கம்பெனியே போட்டுக் கொடுத்த நல்ல வீல்தான். ஆனால், தங்கை மகளுக்குக் காது குத்து. நான் தாய்மாமன். சீர் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி கொஞ்சம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? இப்படி ஒரு நியாயத்தை நானே கண்டுபிடித்து, நானே அதற்குத் தலையாட்டிக்கொண்டேன்.

"வர்றவங்க சீர்த்தட்டப் பாப்பாங்களா, ஒங்க வீலப் பாப்பாங்களா?" என்றாள் மனைவி மல்லிகா.

புதுக்கோட்டையில் அன்வர் பாய் கடைக்கு வண்டியை விட்டேன். கறுப்பும் வெள்ளியும் கலந்த வீல், பழையதைவிட ஓர் இஞ்ச் பெரியது. அதற்கேற்ப டயரும் புதுசு. மாட்டி முடித்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்பது மல்லிகாவின் புகார்.

கழற்றிய நாலு வீலும் டயரோடு வீட்டு வாசலில் கிடந்தன. என்ன செய்வது? மல்லிகாதான் வழி சொன்னாள்.

"ஒங்க மாப்ளைக்குக் குடுத்துருங்க. அவர் வண்டியும் இதேதானே?"

இதே மாடல்தான். ஆனால் தங்கை கவிதாவின் கணவர் சரவணன் வாங்கியது விலை குறைந்த ரகம். இரும்பு வீல், மேலே பிளாஸ்டிக் மூடி. அதில் ஒரு மூடி ஏற்கெனவே எந்த ரோட்டிலோ உருண்டு போய்விட்டது. கீரமங்கலத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிற மனிதருக்கு மூடியைத் தேடிக்கொண்டிருக்க ஏது நேரம்? போனில் சொன்ன மறுநாளே வந்து நாலையும் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டார். பட்டுப் பாவாடை, வளையல், பழம், பூ வரிசையில் பழைய வீலும் சீர்தான் என்று எங்கள் குடும்பத்தில் அன்றைக்குத் தீர்மானமானது.

எனக்குத்தான் வம்பு ஆரம்பித்தது.

என் வண்டியில் ஒவ்வொரு டயருக்குள்ளும் சின்னதாக ஒரு சென்சார் உண்டு. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள திரையில் நாலு டயருக்கும் நாலு எண் தெரியும். காற்று குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். புது வீல் போட்டதும் எண்கள் காணாமல் போயின. அந்த இடத்தில் நாலு கோடு. கூடவே மஞ்சள் விளக்கு.

அன்வர் பாய்க்குப் போன் போட்டேன்.

"புது வீல்லயும் சென்சார் போட்டுத்தான் சார் குடுத்துருக்கேன். ஆனா ஒங்க வண்டி பழைய நாலு சென்சாரத்தான் ஞாபகம் வச்சிருக்கு. புதுச அதுக்கு அடையாளம் காட்டி விடணும். அந்த மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. வந்ததும் கூப்புடுறேன். அதுவரைக்கும் பயப்படாம ஓட்டுங்க."

பழைய நாலும் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. காற்றுப் பார்த்துக்கொள்ள ஒரு கேஜ் தந்திருந்தார், அதை டிக்கியில் போட்டு வைத்தேன். மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று மல்லிகா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன் மேல் ஒட்டிவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது! நம் வீடுகளில் பாதிப் பிரச்சினைகள் இப்படித்தானே தீர்கின்றன?

காது குத்தும் நாள் வந்தது. சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கீரமங்கலம் போய்விட்டோம். தங்கை வீட்டு வாசலில் சரவணனின் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். காபி குடித்து, புறப்படும் நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தால்... திரையில் எண்கள்! முப்பத்திமூன்று, முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று, முப்பத்திமூன்று.

"தானா சரியாயிருச்சு மல்லிகா!"

"நல்ல காரியத்துக்குக் கெளம்புறோம்ல... அதான்."

நம்பினேன். வேறென்ன செய்வது? நல்லது நடக்கும்போது காரணம் கேட்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது?

சரவணன் வீட்டுக் குலதெய்வம் கோவில் ஆவுடையார்கோவிலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. கிளம்பும்போது சரவணனின் அப்பா சட்டத்தை வாசித்தார். "பத்தரைக்குள்ள காது குத்தணும். வண்டி நடுவழில எங்கயும் நிக்கப்படாது. புள்ள வண்டி முன்னாடி, சீர் வண்டி பின்னாடி. முந்தக் கூடாது தம்பி."

சரி மாமா என்றேன்.

அறந்தாங்கி தாண்டும் வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் திரை விளையாட ஆரம்பித்தது. திடீரென்று கோடு வரும். கொஞ்ச நேரத்தில் எண் வரும். லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் முன்பக்க வலது டயரின் எண் மட்டும் இறங்கியிருந்தது. இருபத்தேழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தாறு. பொட்டின் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

சீர் வண்டி நிற்கக் கூடாது. ஆனால் டயர் போனால் எந்த வண்டியும் நின்றுதானே ஆக வேண்டும்? ஓரங்கட்டி, கேஜை எடுத்து வைத்துப் பார்த்தேன். முப்பத்திநாலு. கல்லு மாதிரி இருக்கிறது டயர். மற்ற மூன்றும் அப்படியே. திரும்ப ஏறி உட்கார்ந்தால் திரையில் நாலு கோடு.

"ஒங்க வீலும் நீங்களும்!" என்று பல்லைக் கடித்தாள் மல்லிகா. சரவணன் வண்டி அதற்குள் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. விரட்டினேன். வண்டி கண்ணில் பட்டது. நெருங்கினோம். எண்கள் வந்தன. முன்பக்க வலது இப்போது இருபத்திமூன்று.

மல்லிகா திரையைப் பார்த்தாள். முன்னால் போகிற வண்டியைப் பார்த்தாள். மறுபடியும் திரையை.

"ஏங்க... அவங்க வண்டிகிட்ட போனா நம்பர் வருது. தூரமாப் போனா கோடு வருது. இது நம்ம டயரே இல்லங்க!"

பழைய சென்சார்கள் பழைய வீலுக்குள்ளேயே அல்லவா இருக்கின்றன? என் வண்டி இன்னும் அந்தப் பழைய நாலு சென்சாருக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாலும் என் கண் முன்னால் இன்னொரு வண்டியில் பறந்துகொண்டிருக்கின்றன. சரவணன் வண்டியில் காற்று காட்டுகிற திரையே கிடையாது. உள்ளே என் தங்கை, அவள் மடியில் குழந்தை, பின்னால் பெரியவர்கள் இரண்டு பேர். அந்த வேகத்தில் டயர் வெடித்தால்? அதற்கு மேல் நினைக்கவே எனக்குத் தைரியமில்லை.

மல்லிகா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கவிதா எடுத்து, அவளும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்ள, வண்டிய ஓரங்கட்டுங்க. டயர்ல காத்து எறங்குது."

"யாரு வண்டில?"

"ஒங்க வண்டில."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"என் வண்டில லைட் எரியுது."

சரவணன் ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"மச்சான்... ஒங்க வண்டி லைட்டுக்கு நான் எதுக்கு என் வண்டிய நிறுத்தணும்?"

நீங்களே சொல்லுங்கள். இதற்கு ஓடுகிற வண்டியிலிருந்து ஒற்றை வரியில் என்ன பதில் சொல்வது? சென்சார், அடையாளம், ஞாபகம் என்று என்னவோ உளறினேன். பின்னாலிருந்து அவருடைய அப்பா குரல் கேட்டது: "நேரம் போகுதுடா. நிக்காம போ." போன் கட்டானது. திரையில் இருபது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சீர் வண்டி பிள்ளை வண்டியை முந்தியது. முந்தி, கையை வெளியே நீட்டி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் பாதி ரோட்டை மறித்து நிறுத்திவிட்டேன்.

சரவணன் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்தால் அடித்துவிடுவார் போலிருந்தது. பேசாமல் கேஜோடு போய் அவருடைய முன்பக்க வலது டயரில் வைத்தேன்.

முப்பத்திமூன்று.

"பாத்தீங்களா? நல்லாத்தான இருக்கு? நல்ல நேரத்துல வந்து..." அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவருடைய அப்பா கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பு வேட்டி அவிழ்ந்த மாதிரி நின்றேன். குழந்தை வேறு அழ ஆரம்பித்தது.

"மத்த மூணையும் பாருங்க!" என்று வண்டியிலிருந்தே கத்தினாள் மல்லிகா. "அவங்க எதை எங்கிட்டு மாட்டுனாங்களோ!"

அட! என் வண்டியில் முன்பக்க வலதில் இருந்த வீல், அவர் வண்டியிலும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? ஓடிப்போய்ப் பின்பக்க இடது டயரில் கேஜை வைத்தேன். பதினெட்டு. குனிந்து தடவினால், டயரின் உட்பக்கமாகக் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஆணித் தலை. தொட்ட கை சுட்டது. வெளியிலிருந்து பார்க்க அந்த டயரும் ஏறக்குறைய மற்ற மூன்றைப் போலத்தான் இருந்தது.

சரவணன் ஆணியைப் பார்த்தார். வண்டிக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தார். "சொன்னேன்ல" என்கிற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. கவிதாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

சட்டம் போட்டவரே சட்டத்தை மாற்றினார். "புள்ளைய மாமன் வண்டில ஏத்து. நானும் இவனும் ஸ்டெப்னி மாட்டிட்டு வாரோம்." கவிதாவும் குழந்தையும் மாமியாரும் என் வண்டிக்கு மாறினார்கள். சீர்த்தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சிணுங்கிக்கொண்டே ஓர் ஆப்பிளை எச்சில் பண்ணியபடி வந்தாள் என் மருமகள். ஆரத்தி எடுத்து வரவேற்க வேண்டிய சீரோடு சேர்ந்து அவளே வந்து இறங்கியதைப் பார்த்துக் கோவிலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பத்தரைக்குள் என் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியாகிவிட்டது. இரண்டாவது காதுக்குத்தான் குழந்தையின் அப்பா சரவணன் வந்து சேர்ந்தார், கையெல்லாம் கரியோடு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் டயரில் காற்று இறங்குவது பல நேரம் நமக்குத் தெரிவதில்லை, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரிகிறது. அவன் பதறிப்போய்ப் போன் பண்ணுகிறான். நாம் என்ன சொல்கிறோம்? உன் வண்டியை நீ பார் என்கிறோம். சரவணனை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

போன வாரம் அன்வர் பாய் கூப்பிட்டார். மெஷின் வந்துவிட்டது. செல்போனைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. ஒவ்வொரு வீலிலும் காற்று அடிக்கிற மூக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறார், அது ஒரு சத்தம் கொடுக்கிறது, அடுத்த வீலுக்குப் போகிறார். பிறகு வண்டிக்குள் ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி ஏதோ தட்டினார். பழைய நாலும் போய், புது நாலும் வண்டியின் ஞாபகத்தில் ஏறிவிட்டன. இப்போது திரையில் தெரிவது என் டயர், என் காற்று. மல்லிகா பொட்டைப் பிய்த்து எடுத்தாள். விளக்கு எரியவில்லை.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலம் போய், தங்கை வண்டிக்குப் பின்னால் நிறுத்தியபோது மனசு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. அந்த வண்டியில் எவ்வளவு காற்று என்று இனி எனக்குத் தெரியாது.

நேற்று சரவணன் போன் பண்ணினார். தேங்காய் விலை, மழை, குழந்தைக்குக் காது ஆறியது எல்லாம் பேசிவிட்டு இழுத்தார்.

"மச்சான்... அந்த சென்சார் வேலைய முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு மாப்ள."

"ஓ... இல்ல, பரிச்சை லீவுல எல்லாரும் ராமேஸ்வரம் போலாம்னு இருக்கோம். நீங்களும் ஒங்க வண்டில பின்னாடியே வந்தீங்கன்னா நல்லாருக்கும்னு பாத்தேன். அந்த மெஷின்ல திருப்பிப் பழையபடி மாத்த முடியுமான்னு பாய்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். முடியுமாம்.