நாற்பத்து மூன்றாவது கணினி

கண்டியிலுள்ள எங்கள் அலுவலகத்துச் சேர்வர் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. வேலை நாட்களில் காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அதில் நாற்பத்து மூன்று வரிகள் தாமாகச் சேரும். ஒரு கணினிக்கு ஒரு வரி. அதன் பெயர், கண்விழித்த நேரம், எந்தப் பிரின்டரைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது என்ற விவரம், அவ்வளவுதான். கணினிப் பகுதி அழகையா உயிரோடு இருந்தவரை அவர் அதை வாசித்தார். இப்போது நான் வாசிக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. மனேஜரின் கடிதங்களை அடிக்கும் நானும் அவரும் ஏழு வருடங்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை செய்தோம். ஹுன்னஸ்கிரிய என்ற ஊரில் அவருடைய வீட்டு வாழ்க்கை எனக்கு அதிகம் தெரியாது. அவர் செய்த ஒரு வேலை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை தெரியும். அப்போது அதில் பாதிதான் விளங்கியது. மீதியை இந்த வாரங்களில் அந்தக் கோப்பைப் பார்த்துப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

எங்கள் கம்பனி தோட்டங்களுக்கு உரமும் கருவிகளும் விற்பது. கண்டியில் மூன்று மாடி, நாவலப்பிட்டியிலும் கெலிஓயாவிலும் ஒவ்வொரு கிளை. கணினிப் பகுதிக்கு அழகையா ஒருவரே. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஊழியர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவருக்கு முகம் கொஞ்சம் சிறுத்துப்போகும்.

கடந்த வருடம் தலைமை அலுவலகம் புதிய சரக்கு இருப்பு மென்பொருள் ஒன்றை வாங்கியது. மேசைக்கு மேசை இருந்த சின்னப் பிரின்டர்களை எடுத்துவிட்டு மாடிக்கு ஒரு பெரிய பிரின்டர் என்றும் முடிவானது. மனேஜர் ரிஸ்மி சேர் அழகையாவைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னார்.

"ஆறு கிழம இருக்கு. ஒக்டோபர் போயா லீவு திங்கக்கிழம. செவ்வாய் காலைல எல்லா மெஷின்லயும் புதுசு வேல செய்யணும். செஞ்சீங்கண்டா நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுறன். இல்லாட்டி கொழும்புக் கம்பனி ஒண்டுக்குக் குடுக்கச் சொல்லுறாங்க. பொறகு எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

வெளியே வந்ததும் அழகையா சொன்னது இவ்வளவுதான்: "கொழும்புல வேலை தேடிப் போனா கிழமைக்கு ஒருநாள் வீடு, அக்கா. சர்மிளா அங்கிருந்து மாற்றம் கேட்டா ரெண்டு வருஷமாவது ஆகும்." சர்மிளா அவருடைய மனைவி, ஹுன்னஸ்கிரியவில் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை.

அதுவரை ஒரு மென்பொருளைப் போடுவதென்றால் அழகையா ஒரு பென் டிரைவுடன் மேசை மேசையாகப் போவார். ஒரு மேசைக்கு நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் மேசைக்காரர் தேநீர் குடிக்கப் போய்விடுவார். பழையதும் புதியதும் சேர்ந்து ஓட முடியாததால் எல்லாம் அந்த மூன்று விடுமுறை நாளுக்குள் மாற வேண்டும்; இரண்டு கிளைகளுக்கும் போய்வந்து நாற்பத்து மூன்று கணினியைத் தொட அது போதாது. அதனால் அவர் சேர்வர் முன்னால் உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடக்கூடிய கட்டளைகளை எழுதினார். ஆறு வாரம் எழுதினார்.

எனக்கு வியப்பாக இருந்தது பிரின்டர் விஷயம். எங்கள் ஆட்கள் ஓர் இடத்தில் உட்காரமாட்டார்கள். வெயில், காற்று, பக்கத்தில் இருப்பவருடன் கோபம் என்று கணினியையும் தூக்கிக்கொண்டு மாடி மாறுவார்கள். யார் எங்கே என்று பட்டியல் எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும்.

"ஆளைக் கேக்கவே வேணாம்," என்றார் அழகையா. "சுவத்தக் கேட்டாப் போதும்."

ஒவ்வொரு மாடியின் சுவரிலும் நெட்வேர்க் வயர் மாட்டும் துளைகள் உண்டு. அவற்றுக்குள் மாடிக்கு ஒரு வரிசை எண்கள் ஓடுமாறு அவர் முன்பே பிரித்திருந்தார். கணினி எந்தத் துளையில் மாட்டப்படுகிறதோ அந்த வரிசையில் ஓர் எண் அதற்குக் கிடைக்கும். எண்ணைப் பார்த்து, தான் இரண்டாம் மாடியில் இருப்பதை அது தெரிந்துகொள்ளும்; இரண்டாம் மாடிப் பிரின்டரை எடுத்துக்கொள்ளும். தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனால் அங்குள்ளதை எடுக்கும். அவர் தன் மடிக்கணினியுடன் படியேறி இறங்கி இதைக் காட்டினார். நானும் பின்னால் ஏறி இறங்கினேன்.

போயாவுக்கு முந்திய சனிக்கிழமை அலுவலகம் மூடியிருந்தது. வாசல் சாவி என்னிடம் இருப்பதால் நானும் போனேன். அழகையா கட்டளையை ஓடவிட்டார். திரையில் கணினிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை. நாவலப்பிட்டியும் கெலிஓயாவும் அப்படியே. அவர் எழுந்து போய் முதலாவது மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த மேசை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன?" என்றேன்.

"வயரைக் கழட்டிட்டுப் போயிருக்காங்க. எல்லாரும்." பிறகு, "நான்தானே சொன்னேன்," என்றார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மின்னல் நாவலப்பிட்டியில் நான்கு கணினிகளையும் இங்கே கீழ்த்தளக் கவுண்டரில் ஒன்றையும் எரித்துவிட்டது. அன்று அழகையா மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டினார்: வீட்டுக்குப் போகும்போது கரண்ட் பிளக்கையும் நெட்வேர்க் வயரையும் கழற்றிவிட்டுப் போகவும். இந்தப் பக்கத்தில் வானம் கறுத்தால் வீட்டில் தொலைக்காட்சி வயரைக் கழற்றுவது எல்லோருக்கும் கைப்பழக்கம் என்பதால் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. கவுண்டரில் எரிந்தது, நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் உம்மு குல்சுமின் கணினி. அதற்குப் பின் தினமும் கடைசியாகப் போவது அவர்தான். யாராவது மறந்திருந்தால் திட்டிக்கொண்டே கழற்றுவார். மூன்று வருடமாக எல்லோரையும் இப்படிப் பழக்கிய அழகையா, ஆறு வாரம் கட்டளை எழுதியபோது அதை நினைக்கவே இல்லை.

பட்டியலின் கடைசியில் ஒன்று மட்டும் பதில் சொல்லியிருந்தது.

"மனேஜர் சேரோட மெஷின்," என்றார். "ரூம் பூட்டியிருக்கு, ராத்தா போயிருக்க மாட்டாங்க. திரைய லொக் பண்ணி வச்சிருக்காரு. உள்ள என்ன கடுதாசி திறந்து கெடக்கோ. நான் கைவச்சு அழிஞ்சிட்டா?" அதை விட்டுவிட்டார்.

"நாம ரெண்டு பேரும் சுத்திவந்து மாட்டுவோமே," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கே வெளியே உறுமத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். "கிளை ரெண்டும் பூட்டிக் கெடக்கு. இங்கயும் மாட்டி இப்ப ஓடவிடுறதா? இந்த வானத்திலயா?" என்றார். தன் கட்டளைக்காகத் தன் அறிவித்தலை மீற அவருக்கு மனம் வரவில்லை.

சேர்வரின் பழைய பதிவுகளைத் திரையில் புரட்டினார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நாம போய்க் கதவத் தட்டுறோம். அதுல ஆள் இல்ல. அவங்களே வந்து கேட்டா?"

அலுவலகக் கணினிகள் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலையே சேர்வரிடம், எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதுதானாம். வருடக்கணக்காகக் கேட்கின்றன, பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தன் கட்டளைகளை வைத்துவிட்டால், செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றும் விழிக்கும்போது தானே வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டு லைன் அடைத்துவிடக் கூடாது என்று, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு காத்திருக்கும்படி எழுதினார். வாங்கி முடித்ததும் ஒரு வரி எழுதிவைக்கச் சொன்னார். நான் மேலே சொன்ன கோப்பு அப்படித்தான் பிறந்தது. நான்கு மணிக்கு வேலை முடிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. அவர் ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ராத்தா, செவ்வாக்கிழம கொஞ்சம் வெள்ளனா வரணும்."

"ஏன் தம்பி, கொம்பியூட்டருக்குக் கலியாணமா?"

"எல்லா மேசையிலயும் மொதல்ல நெட்வேர்க் வயர். அதுக்குப் பொறகுதான் கரண்ட். மாறிப்போனா, அது எழும்பிப் பாத்துட்டு, ஒருத்தரும் இல்லைன்னு கேக்காமலே விட்டுரும்."

"கழட்டச் செல்லியதும் நீங்க, மாட்டச் செல்லியதும் நீங்க. ஒரு முடிவுக்கு வாங்களேன்."

"இந்த ஒருநாள் மட்டும்."

"சரி சரி. எனக்கு முந்தி எவனாவது மாட்டினா கைய முறிச்சிப் போடுறன்."

இரண்டு கிளைகளுக்கும் அப்படியே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கே ராத்தாவின் குரல் மூன்று மாடியிலும் கேட்டது. நான் அழகையாவின் தோளுக்குப் பின்னால் நின்று அந்தக் கோப்பைப் பார்த்தேன். 8.06க்கு முதல் வரி வந்தது, கெலிஓயாவிலிருந்து. பிறகு இங்கே கீழ்த்தளம். பிறகு மூன்று சேர்ந்து. மேசைகளில் இருந்தவர்கள் காலைச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்; ஏதோ நடக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒன்பதுக்கு நாற்பத்திரண்டு வரி.

ஒன்பது பத்துக்கு ரிஸ்மி சேர் என்னை அறைக்கு அழைத்தார்.

"என்ன மிஸ் இது? எண்ட மெஷின்ல புது புரோகிராமும் இல்ல, பிரின்டரும் இல்ல. ஆறு கிழம குடுத்தேன்."

"மற்றவங்களுக்கு எல்லாம்..."

"மத்தவங்கட கதைய விடுங்க. எண்டதே இல்லாட்டி மத்தது எப்பிடி? நான் கொழும்புக்கு எழுதிட்டன்."

வழமையாக நான் அடிக்கும் கடிதத்தை, இரண்டு விரலால் அவரே அடித்திருந்தார். பணியை வெளிக் கம்பனிக்குக் கொடுக்கலாம், அழகையாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. கையொப்பமும் முத்திரையும் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பிரின்ட் எடுக்க முடியாததால் அது திரையிலேயே நின்றது.

நான் போய் அழகையாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது கடிதத்தைப் பற்றியல்ல.

"சேர் மெஷின எப்ப கடைசியா ஓஃப் பண்ணினாரு?"

"அவர் எங்கே ஓஃப் பண்ணுறார்? திரும்ப எழும்ப நேரமெடுக்கும் என்று லொக் பண்ணிவிட்டுத்தானே போவார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழும்பினாத்தானே கேக்கும்! அது தூங்கவே இல்லையே, அக்கா." அப்புறம்தான் கடிதம் நினைவுக்கு வந்து முகம் மாறியது. கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நான் கதவருகில் நின்றேன்.

கடிதம் திரையில் முழுதாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"சேர், மொதல்ல அத சேவ் பண்ணிக்கங்க. பொறகு ஓஃப் பண்ணி ஓன் பண்ணணும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இந்த மெஷின் நூத்திப் பதினெட்டு நாளா ஓடிக்கிட்டே இருக்கு. மத்த நாப்பத்திரெண்டும் காலைல எழும்பிக் கேட்டுச்சு. இது கேக்கல." தாளை மேசையில் வைத்தார்.

ரிஸ்மி சேர் தாளை மேலிருந்து கீழே வாசித்தார். தன் கையாலேயே கடிதத்தைச் சேமித்தார், அணைத்தார், மீண்டும் போட்டார். அந்தப் பழைய கணினி எழ நேரமெடுத்தது. திரை வந்தது. புதிய மென்பொருள் வந்திருந்தது. அவர் கடிதத்தைத் திறந்து அச்சிடக் கொடுத்தார். வெளியே, என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பிரின்டர் உறுமியது.

"கொண்டு வாங்க மிஸ்."

எழுத்துப் பக்கத்தைக் கீழே பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அழகையாவைப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கிண்டு தெரியுமா?"

"திரையில பாத்தேன், சேர்."

"பாத்திட்டா சேவ் பண்ணச் சொன்னீங்க?"

"என்ன எழுதுறதுங்கிறது உங்க வேலை, சேர். அது அழியாமப் பாத்துக்கிறது என் வேலை."

ரிஸ்மி சேர் கடிதத்தை இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "அந்த லிஸ்ட்ட விட்டிட்டுப் போங்க," என்றார். கோப்பில் நாற்பத்து மூன்றாவது வரி 9.41க்கு விழுந்திருந்தது. அன்று மத்தியானம் அவர் என்னைக் கூப்பிட்டு வேறொரு கடிதம் அடிக்கச் சொன்னார். அதனுடன் அந்தப் பட்டியலையும் இணைத்தோம். நவம்பர் முதலாம் திகதி அழகையா நிரந்தர ஊழியரானார். ரிஸ்மி சேரும் மாலையில் கணினியை அணைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

ஏப்ரலில், அவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ரிஸ்மி சேரும் ராத்தாவும் நானும் இன்னும் சிலருமாக ஒரு வாடகை வான் பிடித்து ஹுன்னஸ்கிரிய போனோம். முன் அறையில் அவருடைய படம். சர்மிளா தேநீர் கொண்டுவந்தார். அவருடன் நான் அதற்கு முன் அதிகம் பேசியதில்லை. நாங்கள்தான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் சொன்னார்:

"நிரந்தரமான பொறகு அந்த அஞ்சு மாசமும் ராத்திரி ஏழரை பஸ்ஸில வீட்டுக்கு வந்துருவாரு, அக்கா. ஒரு நாளும் தவறல. வந்து ஒக்காந்து, இன்னைக்கும் நாப்பத்தி மூணும் கேட்டுச்சுன்னு சொல்லுவாரு. என்ன கேட்டுச்சுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல."

நான் சொல்லத் தொடங்கினேன். சுவரில் இருந்து தொடங்கினேன். அவர் இடையிடையே, "அப்போ எடம் மாறினா?" "வயர் இல்லாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி சொல்லியிருப்பேன், மலைக்குப் பின்னால் இடி உருண்டது. அறையின் மூலையில் இன்டர்நெட் பெட்டியின் சின்ன விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

முதலில் எழுந்தவர் ரிஸ்மி சேர். குனிந்து பிளக்கைக் கழற்றினார்.

"வயரையும், சேர்," என்றார் உம்மு குல்சும் ராத்தா.

அதையும் கழற்றினார்.