எடைமேடைக்காரரின் முகவரியை நான் பிடுங்கிய கதை

சர்வர்களுக்கு ஐ.பி. எண் ஒதுக்குவது பந்தியில் இலை போடுவது போன்ற வேலை: ஒழுங்காக நடந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள், ஒரே இலைக்கு இருவர் உட்கார்ந்துவிட்டால் இலை போட்டவனைத்தான் தேடுவார்கள். இதே தொழிலில் அல்லல்படும் சகோதரர்களே, உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

வண்ண அட்டவணை

எண்ணூர் நெடுஞ்சாலையோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் புதிதாக டேட்டா சென்டர் அமைத்தார்கள். நாற்பது சர்வர்கள். ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்கில் தனி எண் வேண்டும். அதுதான் அதன் முகவரி. நான் போட்ட அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வண்ணம். யாரும் கேட்காமலே அடிக்குறிப்புகளும் சேர்த்திருந்தேன். யார்டு மேலாளர் பொன்ராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு சார். ஆனா இங்க ஏற்கெனவே ஓடுற மெஷின் ஒண்ணயும் காணோமே?"

பதில் இல்லையென்றால் காலி

பழைய கணினிகளின் பட்டியல் யாரிடமும் இல்லை. ஆகவே நம் குலவழக்கப்படி ஒவ்வொரு எண்ணையும் பிங் செய்தேன். அதாவது, 'உள்ளே யாராவது இருக்கிறீர்களா?' என்று கதவைத் தட்டினேன். பதில் வராத எண்களையெல்லாம், பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுபவனைப் போல, பிடித்துக்கொண்டேன். மதியம் ஒன்றரை மணி. அரை மணியில் முடித்துவிட்டேனே என்று பெருமை வேறு.

வெளியே வந்தால் டிபன் பாக்ஸுடன் அந்தோணி அண்ணன். ராயபுரத்துக்காரர், லாரிகளை எடை போடும் மேடையில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி.

"இன்னா சார், சாப்ட்டியா? நான் மெஷின ஆஃப் பண்ட்டு வந்துட்டேன். தகரக் கொட்டாய்ல அதுவும் எம்மா நேரம்தான் வேகும்?"

மூலையில் வந்த எழுத்து

அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் அணைத்துவைத்த கணினியின் எண்ணைத்தான் காலி என்று நினைத்து என் சர்வருக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் சர்வரை ஓடவிட்டதிலிருந்து ஒரே எண்ணுக்கு இரண்டும் அடித்துக்கொண்டன. ஓர் எடைச்சீட்டு வந்தால் அடுத்தது வராது. லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. ஓட்டுநர் ஒருவர் அந்தோணி அண்ணனைப் பார்த்துக் கத்தினார்: "யோவ் நைனா, வண்டிய எடை போடச் சொன்னா, எங்க பொறுமைய எடை போட்டுகினு கீற!"

அண்ணன் என்னைத் தேடி வந்தார். திரையின் மூலையில் இங்கிலீஷில் ஏதோ குட்டியாக வந்து வந்து போகிறது என்றார். எழுந்து போய்ப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் எழவில்லை. உப்புக்காற்று கேபிளை எப்படி அரிக்கும் என்று உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அந்த எழுத்து வந்தால் மூடிவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"சர்தான் சார். நீ படிச்சவன், சொன்னா கரீட்டாதான் இருக்கும்."

இரண்டு நிமிட வைத்தியம்

மூன்றாம் நாள் என் சர்வரின் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையைப் பார்த்தேன்: இந்த எண் வேறொரு கணினியிடம் இருக்கிறது. அண்ணனின் திரை மூலையில் வந்துபோன எழுத்தும் இதுதான். சர்வருக்கு வேறு எண் கொடுத்தேன். எடைமேடை ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அறிக்கையில், 'கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். செய்தவன் பெயர் இல்லாமலே அந்த வாக்கியம் கம்பீரமாக நின்றது. பொன்ராஜ் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை சார். அந்த அந்தோணிய நாளையிலருந்து வேண்டாம்னுட்டேன். விசாரிச்சா, எச்சரிக்கை வந்ததையெல்லாம் மூடி மூடி வச்சிருக்கான், பாத்துக்கிடுங்க."

மறுநாள்

நான் தலையாட்டியதாக நினைவு. அன்று காலடிப்பேட்டை வீட்டில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், நன்றாகவே இறங்கியது. மறுநாள் எடைமேடையில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் மதியம் வரை ஏதோ வேலை இருப்பதுபோல் சர்வர் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் பொன்ராஜ் அறைக்குப் போய், எண்ணைப் பிடுங்கியது நான், எச்சரிக்கையை மூடச் சொன்னதும் நான் என்றேன். அவர் திட்டவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்து, அந்தோணி அண்ணனை வேலைக்கு வரச் சொன்னார்.

மாலையே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். மூடச் சொன்னது நான்தான் என்று ஏன் அப்போதே பொன்ராஜிடம் சொல்லவில்லை என்றும் கேட்டேன். வெட்கமில்லாமல் அதில் ஒரு கோபத் தொனிகூட இருந்தது.

"சொன்னா உன் வேலை பூடும்னுதான் சார். எனுக்கு இன்னா, காசிமேட்டுல மச்சானோட மீன் புடிக்கிற போட்டு கீது, ஏறிக்குவேன். உனுக்கு இன்னா தெரியும், நம்பர் எய்தறத தவுர?"

தவறைத் திருத்த இரண்டு நிமிடம், ஒப்புக்கொள்ள ஒரு முழு நாள்: இவ்வளவு மந்தமான இணைப்பை வேறு யாராவது அமைத்திருந்தால், அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.