ஏழாம் நாளுக்கு முன் மூட்டிய அடுப்பு

அன்று வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

நான், சூசை. என் மகள் ஷிரோமி, வயது பதினைந்து. என் மனைவியின் அக்கா திரேசா, நீர்கொழும்பிலிருந்து வந்தவர். பக்கத்து வீட்டுக் கமலா அக்கா. மாநகர சபையிலிருந்து வந்த மிஸ். இவ்வளவு பேர்தான்.

என் மனைவி பிலோமினா இல்லை. அவளை முதல் நாள் பின்னேரம் அடக்கம் செய்திருந்தோம்.

நம்முடைய செவ்வாய்க்கிழமை ஜெபக் கூட்டத்தில் என்னை எழும்பிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருக்கிறது. ஒரு அறை, ஒரு குசினி. வாடகை வீடு. நான் இருபத்திரண்டு வருடம் மூட்டை சுமந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் லொறியிலிருந்து வழுக்கி விழுந்தேன். முதுகு போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். எனக்கு வேறு வேலை தெரியாது.

அப்போதுதான் பிலோமினா இடியப்பம் பிழிந்து விற்கத் தொடங்கினாள். விறகு அடுப்பு. ஒரு சின்னப் பானை. காலையில் அறுபது இடியப்பம் அவிப்பாள். அதற்கு மேல் முடியாது. சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடைக்காரர் தினமும் முந்நூறு தந்தால் எடுப்பேன் என்றார். அந்தச் சின்னப் பானையில் முந்நூறு எப்படி அவிப்பது?

சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு மாநகர சபையில் உதவி கொடுக்கிறார்கள் என்று கமலா அக்கா வந்து சொன்னார். காசாகக் கொடுக்க மாட்டார்கள். சாமானாகக் கொடுப்பார்கள். காஸ் அடுப்பு, பெரிய ஸ்டீமர், பிழிகிற மெஷின், தட்டுகள். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. பிலோமினா போய் போர்ம் எடுத்து வந்தாள். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கினாள். எல்லாம் அவளே செய்தாள். அந்த நாட்களில் அவளுடைய கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நின்று நின்று வேலை செய்வதால் என்று நினைத்தோம். அது சிறுநீரகம்.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, சபையிலிருந்து ஒரு ஐயா பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தொழில் நடக்கிற இடத்தை அவர் பார்க்க வேண்டும்.

அங்கேதான் நாங்கள் பிழை விட்டோம். ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறார். வீடு வீடாக இருக்க வேண்டாமா? பிலோமினா விடியவே பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். இடியப்பம் பிழிகிற உரலையும் தட்டுகளையும் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். மாப் பையைக் கமலா அக்கா வீட்டில் வைத்தாள். அங்கிருந்தே இரண்டு கதிரையும் ஒரு மேசைச் சீலையும் கொண்டு வந்தாள். அடுப்பில் கரி தெரியக்கூடாது என்று அதன் மேல் ஒரு பலகையை வைத்து, பூச்சாடி ஒன்றையும் வைத்தாள். ஐயாவுக்குக் கேக்கும் ஜிஞ்சர் பியரும் கொடுத்தோம்.

அவர் நல்ல மனிதர். கேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சுற்றிப் பார்த்தார். எழுதிக்கொண்டு போனார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இந்த இடத்தில் தொழில் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை என்று இருந்தது. அவர் மேல் குற்றமில்லை. அவர் கண்டதைத்தான் எழுதினார்.

"ஒரு ஐயா வாறப்போ கரிப் பானையையா காட்டுறது?" என்று பிலோமினா கேட்டாள்.  அன்று வெகுநேரம் அடுப்படியிலேயே இருந்தாள்.

திரும்பவும் பார்க்க வரும்படி கேட்டு ஷிரோமியைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தாள். அதே கிழமையில் ஆஸ்பத்திரியில் படுத்தாள். அதன் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்யப் போய்வர வேண்டும். வந்த நாள் படுப்பாள். அடுத்த நாள் எழும்பி நாற்பது இடியப்பம் பிழிவாள்.

ஒன்பது செவ்வாய்க்கிழமை விடாமல் கோவிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஸ்டீமரைத்தான் கேட்டாள்.

"உன்ட சுகத்தக் கேளேன்" என்றேன்.

"அத நீங்க கேளுங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே கேட்டா ஆண்டவருக்கும் அலுத்துப்போயிரும்" என்றாள். சிரித்தாள்.

நான் அவளுடைய உயிரைக் கேட்டேன். எனக்கு ஜெபம் சொல்லத் தெரியாது. அவளை எனக்கு விட்டுவையும் என்று மட்டும் சொன்னேன். ஒன்பது செவ்வாயும் அதையே சொன்னேன்.

நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்ட்டில் அவள் போனாள். நான் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தேன். வரும்போது திரையை இழுத்து விட்டிருந்தார்கள். தேத்தண்ணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் திரேசா அக்கா என்னை இருக்கச் சொன்னார்.

"சூசை, சொல்றன்னு கோவிக்காத. உன்னால பாரம் தூக்க ஏலாது. வாடகை எப்பிடிக் கட்டுவ? ஏழாம் நாள் பூச முடிய புள்ளைய நான் கூட்டிட்டுப் போறன். எங்கட ஊருல மீன் கம்பெனில வேல இருக்கு. நீ ஒத்த ஆள், எங்கயாச்சும் இருந்துக்கலாம்."

  ஷிரோமி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழும்பிப் போய்த் தன் பள்ளிப் புத்தகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு ஒரு நூல் எடுத்துக் கட்டினாள். அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே நான் விடியும் வரை இருந்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மிஸ் வந்தார். சிங்கள ஆள். தமிழ் கொஞ்சம் பேசுவார். அண்ணனுக்கு அவர்கள் 'அய்யே' என்பார்கள். ஒழுங்கையில் கட்டியிருந்த வெள்ளைக் கொடிகளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அய்யே, பிலோமினா நோனா ஊடு இதா?"

"ஓம்."

"அவங்க இருக்கா?"

"நேத்து அடக்கம்."

அவர் கையிலிருந்த கடதாசிக் கோவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.  பிறகு சொன்னார்.

"அய்யே, மன்னிக்கணும். எனக்குத் தெரியாது. அவங்க கடிதத்துக்குத்தான் வந்தது. இன்னிக்கி நாலு மணிக்கு லிஸ்ட் மூடுறாங்க. செத்த ஆளுக்குக் குடுக்க ஏலாது. ஆனா அதே குசினில, அதே தொழில் ஊட்டுக்காரங்க செஞ்சா, பேர மாத்தி எழுதலாம். நான் கண்ணால பாக்கணும். பாக்காம எழுத ஏலாது."

"என்ன பாக்கணும்?"

"அடுப்பு எரியணும் அய்யே. இடியப்பம் அவியணும்."

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் ஏழாம் நாள் பூசை முடியும் வரை அடுப்பு மூட்ட மாட்டோம். அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டு வருவார்கள். என் தகப்பன் செத்தபோதும் அப்படித்தான். தாய்க்கும் அப்படித்தான். மீறினால் போன ஆத்துமாவை அவமதிப்பது என்று சொல்வார்கள்.

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். விறகைக் கையில் எடுத்தேன். திரேசா அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவட குழி மண் இன்னும் காயல்ல. சபைக்காரி சொல்றான்னு இந்த அடுப்புல நெருப்பு வைப்பியா?"

"அக்கா, அவ சாகிற வரைக்கும் இந்த அடுப்பப் பற்றித்தானே கதைச்சவ" என்றார் கமலா அக்கா. அவர் யாழ்ப்பாணத்துச் சைவ ஆள்.

"நீங்க சும்மா இருங்க. இது எங்கட செத்த வீடு."

"ஓம், செத்த வீடுதான். இருக்கிற பிள்ளையையும் கொஞ்சம் பாருங்கோ."

மிஸ் வாசலில் மணிக்கூட்டைப் பார்க்காமல் நின்றார். எங்களை அவசரப்படுத்தக் கூடாதென்றுதான் அப்படி நின்றார் என்று எனக்கு விளங்கியது.

என் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. மூட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. குசினிச் சுவரில் பிலோமினா மாட்டிய ஆண்டவரின் திரு இருதயப் படம் இருக்கிறது. அதன் முன்னால் முழங்காலில் நின்றேன். முதுகு நோவுக்குப் பிறகு நான் முழங்காலில் நிற்பதில்லை. அன்று நின்றேன்.

ஆண்டவரே, நான் கேட்டதை நீர் தரவில்லை. இனி எனக்காகக் கேட்க மாட்டேன். அவள் கேட்டதைக் கொடும். இவ்வளவுதான் சொன்னேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு கை என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளியது.

"வெலகு" என்றார் திரேசா அக்கா. "நீ மூட்டினா பழி உனக்கும் புள்ளைக்கும் வரும். நான் கெழவி. நான் மூட்டுறன். வாறது எனக்கு வரட்டும்."

முந்தானையை இடுப்பில் செருகினார். பலகைத் துண்டுகளை அடுக்கி, மண்ணெண்ணெய் தெளித்து, குச்சியைக் கிழித்தார். முதல் குச்சி அணைந்துபோயிற்று. இரண்டாவது பிடித்தது. அவர் சத்தமில்லாமல் அழுதார். அழுதுகொண்டே பானையில் தண்ணீர் ஊற்றினார்.

"மா எங்க? உப்பு எங்க? மரம் மாதிரி நிக்காத. உன்ட பேரத்தானே எழுதப்போறாங்க, நீதான் புழியணும்."

கமலா அக்கா தன் வீட்டிலிருந்து மா கொண்டு வந்தார். திரேசா அக்கா சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தார். நான் உரலை எடுத்தேன். அது வரை நான் அதைத் தொட்டதில்லை. மூட்டை சுமந்த கை. ஒரே அமுக்கு அமுக்கினேன். மா பக்கத்தால் பிதுங்கித் தரையில் விழுந்தது.

"அண்ணே, அது மூட்டை இல்லை, மா" என்றார் கமலா அக்கா.

இரண்டாவது தட்டில் ஏதோ விழுந்தது. திரேசா அக்கா தூக்கிப் பார்த்தார்.

"இது இடியப்பமா, கயிறா? துறைமுகத்துல கப்பல் கட்டப் போறியா?"

ஷிரோமி சிரித்துவிட்டாள். தாய் போன பிறகு முதல் தரம். சிரித்ததற்காகவே பிறகு அழுதாள். மிஸ்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது, ஆறாவது தட்டு இடியப்பம் மாதிரி வந்தது. ஆவி கிளம்பியது. மிஸ் கிட்ட வந்து அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். கரி, புகை, தரையில் விழுந்த மா எல்லாம் அதில் வந்திருக்கும். ஒரு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டார்.

"உப்பு கொஞ்சம் கூட, அய்யே" என்றார். "பரவாயில்ல. எழுதுறன்."

என் பெயரைக் கேட்டு எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். அவர் போகும்போது மணி பன்னிரண்டரை.

அவர் போன பிறகு திரேசா அக்கா அடுப்பை அணைத்தார். ஏழாம் நாள் வரை யாரும் அதைத் திரும்ப மூட்டவில்லை. பூசைக்கு முன் அவர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்த பின்னேரம் நீர்கொழும்பு பஸ்ஸுக்கு அவரை ஏற்றிவிடப் போனேன். கையில் ஒரு பைதான் இருந்தது.

"புள்ள உன்னோட இருக்கட்டும்" என்றார். "பள்ளிய நிப்பாட்டினேன்னு கேள்விப்பட்டா வந்து உன்ட காதத் திருகுவன்."

அவருக்குப் பிள்ளை இல்லை. ஷிரோமியைக் கூட்டிக்கொண்டு போக அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். பஸ் கிளம்பும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் கடைசியில் கடிதம் வந்தது. கிடைத்தது என்று எழுதியிருந்தது. பெப்ரவரியில் சாமான் வந்தது. காஸ் அடுப்பு ஒன்று, ஸ்டீமர் ஒன்று, மெஷின் ஒன்று, தட்டு அறுபது. மூன்று சில்லு ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்து இறக்கினோம். ஒழுங்கைக்காரர் எல்லாரும் பார்த்தார்கள். நான் ஸ்டீமரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். புதிதாக மினுங்கியது. என் முகம் தெரிந்தது. மூடிவிட்டேன். அன்று அதைத் தொடவில்லை.

பிலோமினாவின் ஜெபம் கேட்கப்பட்டது. என்னுடையது கேட்கப்படவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கோவிலில் அவள் இருந்த பக்கம் இப்போது வெறுமையாக இருக்கிறது. நான் அந்த இடத்தை விட்டுத்தான் இருக்கிறேன்.

ஆனாலும் ஆண்டவர் அன்று எங்கள் குசினிக்குள் வந்தார் என்று நான் நம்புகிறேன். சாவு வீட்டுப் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள ஒரு ஆளைத் தந்தார். அதுவும் என்னோடு சண்டை போட்ட ஆளையே தந்தார். இப்படி யோசிக்க எனக்குத் தெரியாது. அது அவருடைய வேலைதான்.

முன்பு நான் கோவில் வாசலில் நின்று சுருட்டுப் புகைத்துவிட்டுப் போகிறவன். இப்போது உள்ளே போகிறேன். சுருட்டை விட்டுவிட்டேன். ஷிரோமி பள்ளிக்குப் போகிறாள். டிசம்பரில் அவளுக்குச் சோதனை.

கஷ்டத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளே, கேளுங்கள். ஜெபம் சொல்ல வராவிட்டால், சொல்லத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் முழங்காலில் நில்லுங்கள். கேட்டது கிடைக்காவிட்டாலும் எழும்பிப் போய்விடாதீர்கள். என்னைப் போன்ற ஒரு ஆளையே அவர் விடவில்லை. உங்களையும் விடமாட்டார். அவருக்குத் தோத்திரம்.

இன்று காலையில் நான் பிழிந்த இடியப்பம் முந்நூற்றுப் பன்னிரண்டு.