பன்னிரண்டு காடாப் பைகள்

தும்மல் வந்துவிட்டால் வெங்கிட்டு உடனே அசைய மாட்டான். டைப்ரைட்டரின் மேல் இரண்டு கைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பான். இரண்டாவது வராது என்று உறுதியானதும், மேஜை ஓரத்தில் இதற்கென்றே வைத்திருக்கும் மெல்லிய காகிதத்தில் ஒரு மூலையைக் கிழித்து, திரியாக முறுக்கி, இடது மூக்கில் விட்டு ஒரு சுழற்று. இரண்டாவதும் வந்துவிடும். கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துவிட்டு, விட்ட எழுத்திலிருந்து மேலே அடிப்பான். ஒற்றைத் தும்மல் அபசகுனம்; இரட்டை என்றால் பழுதில்லை. அந்தச் சந்தில் எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும்.

தெரியாமல் பிழைக்க முடியாது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து காயலைப் பார்த்து இறங்குகிற சந்து அது. ஒரு பக்கம் வெங்கிட்டுவின் வீடு, நேர் எதிரே அவன் வேலை பார்க்கும் சேட்டின் பாண்டிகசாலை. மூட்டை மூட்டையாக மிளகு வந்து இறங்கும் கிடங்கு. முன்பெல்லாம் பெண்கள் முறத்தால் புடைத்துச் சுத்தம் செய்தார்கள். எழுபத்தெட்டில் சேட் ஒரு மெஷின் வாங்கிப் போட்டார். மிளகு ஒரு பக்கம் பளபளவென்று விழும். தூசி, பெரிய விசிறியின் வேகத்தில் தகரக் குழாய் வழியாகச் சந்துக்கு வந்து சேரும். தபால்காரர் தும்மிக்கொண்டே கடிதம் கொடுத்தார். பூனை தும்மியது. சாயாக்கடைக்காரர் ஆற்றுகிற சாயாவை ஆகாயத்திலேயே விட்டுவிட்டுத் தும்மினார்.

வெங்கிட்டுவுக்குக் காதல் வந்ததும் இந்தத் தும்மலால்தான். சேட்டுக்காகத் தினமும் பம்பாய்க்கு டிரங்க் கால் போடுவது அவன் வேலை. எர்ணாகுளம் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் குரல் எடுக்கும். ஒரு நாள் நம்பரைச் சொல்வதற்குள் தும்மிவிட்டான்.

"அவசரமில்லை. ரெண்டாவதும் வரட்டும், காத்திருக்கேன்" என்றது குரல்.

அவன் காகிதத்தைக் கிழித்தான். எதிர்முனையில் சிரிப்பு. அவள் பெயர் காமாக்ஷி என்று தெரிந்துகொள்ள மூன்று மாதம், ஜாதகம் பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ள இன்னொரு மாதம். முப்பத்து மூன்று வயதில் வெங்கிட்டு படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்க ஆரம்பித்தான்.

தடையாக நின்றது அவளை வளர்த்த மாமா வைத்தீஸ்வரன். கோர்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். சகுனம் என்றால் அவருக்கு மேல் அப்பீல் கிடையாது. மாப்பிள்ளை வீடு பார்க்க முதல் தடவை வந்தார். தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்ததும் வெங்கிட்டுவின் அம்மா தும்மினாள், ஒன்று. இரண்டாம் தடவை, வாசலில் நின்ற டாக்ஸிக்காரன் தும்மினான், அதுவும் ஒன்று. மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"உங்க பிள்ளைமேல குத்தமில்லை. இந்தச் சந்துமேலயாக்கும். இன்னும் ஒருதரம் வரேன். அப்பவும் ஒத்தைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்தொன்று மார்கழியில்தான் மிளகு வாங்குகிற கம்பெனியின் ஆளாக டென்மார்க்கிலிருந்து யென்சன் வந்தார். வெளுத்த தலைமுடி, இளம் வயது. பாண்டிகசாலை வாசலில் பதினோரு தும்மல் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அதில் ஒரு படம்: இதே போன்ற விசிறி, ஆனால் குழாயின் முனையில் வரிசையாகப் பன்னிரண்டு நீளப் பைகள். தூசி பைக்குள் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். தங்கள் தேசத்தில் ஆலையின் அழுக்கு ஆலைக்கே சொந்தம், அதைத் தெருவுக்குத் தானம் செய்வதில்லை என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை வெங்கிட்டு சேட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான்.

சேட் சுவரிலிருந்த உலகப் படத்தில் அந்த தேசத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சுண்டுவிரல் நகத்தால் மறைத்துக் காட்டினார்.

"எடோ வெங்கிட்டு, இத்தனைதான் அவங்க தேசம். ஒருத்தன் ஊதினா அடுத்த தேசத்துல போய் விழும். பயந்து பை கட்டறாங்க. நமக்கு இடம் இருக்கு."

வெங்கிட்டு வேலைக்குச் சேர்ந்த பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக எதிர்த்துப் பேசினான்.

"இடம் இருக்கு சேட்ஜி. அந்த இடத்துல நானாக்கும் இருக்கேன்."

சேட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் வெங்கிட்டுவின் வெள்ளை வேஷ்டி மிளகு நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "தைக்கச் சொல்லு" என்றார்.

தைப்பதற்கு இருந்தவர் செல்லதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர். படத்தில் நீளம் அகலம் எல்லாம் இருந்தது; என்ன துணி என்று மட்டும் போட்டிருக்கவில்லை. மிளகுக் கிடங்கில் எதைத் தைத்தாலும் சணல் சாக்கில்தான் தைப்பது; வேறு எதிலாவது தைக்கலாம் என்று செல்லதுரைக்கும் தோன்றவில்லை, வெங்கிட்டுவுக்கும் தோன்றவில்லை.

"தூசி நிக்குமா, செல்லதுரை?"

"மிளகே நிக்குது சாமி. தூசி என்ன, மிளகைவிடப் பெரிசா?"

இந்தக் கேள்வியில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று வெங்கிட்டுவுக்குப் பட்டது. ஆனால் அவன் ஏற்கெனவே மாமாவுக்கு ஆள் அனுப்பிவிட்டிருந்தான்: தை மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி. பை மாட்டிய மெஷினைத் தொடங்குகிற அதே முகூர்த்தத்தில், தூசியில்லாத சந்தில், தாம்பூலம்.

மாமா வந்தார். எக்ஸ்சேஞ்சுக்கு லீவு சொல்லிவிட்டு, மெஷின் பார்க்கும் சாக்கில் காமாக்ஷியும் வந்தாள். சந்தே பாண்டிகசாலை முற்றத்தில் கூடியிருந்தது. சேட் தேங்காய் உடைத்து விசையை அழுத்தினார். பன்னிரண்டு சாக்குப் பைகளும் ஒவ்வொன்றாகப் புடைத்து எழுந்து, யானைக்கூட்டம் துதிக்கை நீட்டுவது போல விறைத்து நின்றன. தூசி இல்லை. மாமா காற்றை மோந்து பார்த்தார். திருப்தியாகத் தாம்பூலத் தட்டை எடுத்து, "அப்போ, பகவான் கிருபையில" என்று தொடங்கினார்.

பைகள் வியர்க்க ஆரம்பித்தன. சணல் இழைகளுக்கு நடுவே ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சன்னமாக ஒரு புகை. இதுவரை தூசி வர ஒரே ஒரு குழாய். இப்போது லட்சம் வாசல். முதலில் சேட். அடுத்தது தேங்காய் மூடியை எடுக்கக் குனிந்தவர். அப்புறம் யார் முதல், யார் பின் என்று இல்லை. முற்றம் முழுக்க மத்தாப்பு மாதிரி தும்மல் வெடித்தது. செல்லதுரை தும்மிக்கொண்டே பைகளைக் கட்டிப்பிடித்து அடைக்கப் பார்த்தார். மாமா ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒரு கை தீர்ந்துபோய்த் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறு கையையும் மடக்கினார். பிறகு கணக்கு தப்பிப்போய்த் திகைத்து நின்றார்.

"காமாக்ஷி, எத்தனையாச்சு? ஒத்தையா, ரெட்டையா?"

காமாக்ஷி முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். கண்களில் தண்ணீர் கொட்டியது.

"இருபத்திரண்டு, மாமா."

"சரியா எண்ணினாயோ?"

"தெனம் எட்டு மணி நேரம் நம்பரோட குடித்தனம் பண்றவளாக்கும் நான்."

அடுத்தது வருவதற்குள் மாமா ஓடிப்போய்த் தட்டை வெங்கிட்டுவின் அம்மா கையில் திணித்துவிட்டார். நிச்சயம் முடிந்தது.

யாரோ விசையை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் காமாக்ஷி நேராக சேட்டிடம் போனாள்.

"கல்யாணம் சரி. ஆனா இந்தச் சந்துக்குக் குடிவர மாட்டேன். சாக்குல தண்ணி மொண்டா நிக்குமோ? நெருக்கமா நெய்த காடாத்துணியில தைக்கணும்."

"இனியும் தைக்கணுமா?" சேட்டின் குரல் அடைத்திருந்தது.

"நாலு வருஷமா மிளகை நீங்க வித்தேள், தூசியை நாங்க வாங்கிண்டோம். கேட்டா வாங்கினோம்?"

சேட் பதில் சொல்ல வாயைத் திறந்தார், வந்தது தும்மல். கையை மட்டும் ஆட்டினார். அது சம்மதமா, மூச்சுத்திணறலா என்று செல்லதுரை விசாரிக்கவில்லை. அன்று மத்தியானமே எர்ணாகுளம் போய்க் காடாத்துணிச் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு படகில் வந்து இறங்கினார்.

பங்குனியில் பைகள் தொங்கின. வைகாசியில் கல்யாணம். கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரரை காமாக்ஷி பாண்டிகசாலைக்குள் இழுத்துப்போனாள். கொழுத்த வெள்ளைப் பைகள் பன்னிரண்டுக்கும் முன்னால் மாலையும் கழுத்துமாக அவள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, எதையோ நம்ப முடியாதவன் போல வெங்கிட்டு. அந்த போட்டோவில் ஒரு பிரதியை, நன்றி என்று ஒரு வரி டைப் அடித்து, யென்சனுக்கு அனுப்பிவைத்தான்.

எண்பத்தெட்டில் யென்சன் மறுபடி வந்தார். முன்தலை வழுக்கையாகியிருந்தது. வெங்கிட்டுவின் வீட்டில் உட்கார்ந்து மூன்றாவது அடையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். முதல் தடவை அவர் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அவருடைய கம்பெனியின் எந்த ஆலையிலும் அப்படிப் பைகள் கிடையாது. அந்தப் படம் அவரே வரைந்தது; செலவு அதிகம் என்று மேலதிகாரிகள் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது தடவை அவர் படத்தைக் கொண்டுபோகவில்லை. காமாக்ஷியின் கல்யாண போட்டோவை அவர்கள் மேஜையில் வைத்தார், அன்றே கையெழுத்தாயிற்று.