காய்கறிக்கு இரண்டு மாதம்

பாலர் வகுப்பில் மாதத்துக்கு ஒரு தலைப்பு. முதலில் ‘நான்’, அடுத்து ‘என் வீடு’, பிறகு விலங்குகள், வாகனங்கள் என்று போகும். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரமே பத்துக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவாள் பக்கத்து அறை டீச்சர். ‘அட்டவணை அக்கா’ என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான். எட்டாம் மாதத்துக்கு எந்தக் கலர் தாள் எத்தனை வேண்டும் என்பதுகூட அவளுக்கு விரல் நுனியில். எனக்கோ அன்றைய பாடமே அன்று காலையில்தான் தெரியும்.

அவள் அட்டவணையில் காய்கறிக்கு மட்டும் இரண்டு மாதம். கத்திரிக்காயில் பட்டம் வாங்கப்போகும் பிள்ளைகள் என்று மற்ற டீச்சர்கள் கிண்டலடிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த இரண்டாவது மாதம் முன்பு ‘தண்ணீர்’.

வீட்டில் செய்யவேண்டியது எதுவானாலும், ‘பெரியவர்கள் கூடவே இருக்கவும்’ என்று டைரியில் சீட்டு ஒட்டித்தான் அனுப்புவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஒட்டவில்லை. எது மிதக்கும், எது மூழ்கும் என்று வீட்டில் பார்த்து வரும்படி வாயால் சொல்லி அனுப்பிவிட்டாள். வேன் வந்தாச்சு, சீக்கிரம் விடு என்று வாசலில் நின்று கத்தியது நான்தான்.

திங்கட்கிழமை பதினெட்டுப் பேர்தான் வந்தார்கள். பத்தொன்பதாவது குழந்தை வீட்டுக் கொல்லைத் தொட்டியில் விழுந்து போய்ச் சேர்ந்திருந்தாள்.

யாரும் டீச்சரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வரிசையில் பிள்ளைகளை எண்ணினால் அவளுக்கு ஒன்று கூடுதலாக வரும். மறுபடி எண்ணுவாள். நான் பயந்துபோய் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருஷம் அந்தக் குழந்தையின் தங்கை வந்து சேர்ந்தாள். அதே நெற்றி, அதே சுருட்டை முடி. உண்மையைச் சொன்னால் அந்த அம்மா என் முகத்திலேயே விழிக்க மாட்டாள், சொல்லாமல் இந்தப் பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று டீச்சர் என்னிடம் புலம்பினாள். வேனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே போய்விட்டேன்.

முதல் நாள் அந்த அம்மா அட்டவணை முன்னால் நின்று, கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தாள்.

“தண்ணி மாசத்தக் காணோமே டீச்சர்?”

டீச்சர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு மிதக்கவிட்டுப் பாக்கச் சொன்னது நான்தாங்க. டைரில சீட்டு ஒட்டல.”

“தெரியும். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் பெரியவ சொன்னா.” அந்த அம்மா சின்னவளின் கையை விடவே இல்லை. “கப்பல் மடிச்சுக் குடுத்து, போய் விட்டுப் பாருடின்னு அனுப்புனது நான். இது அவ அப்பாவுக்குக்கூடத் தெரியாது.”

சின்னவளை டீச்சர் பக்கம் நகர்த்தி, “இவளுக்குத் தண்ணியப் பத்திச் சொல்லிக் குடுங்க டீச்சர். என்னால முடியல,” என்றாள்.

அவள் போனதும் டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாள். ஒன்று கூடுதலாகவே வந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறுபடி எண்ணாமல் உள்ளே கூட்டிப்போனாள்.